கிருமிக்குப் பயந்து கிணறு தோண்டினோம், கிணற்றுக்குள்ளும் கிருமி!

"தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சாப் போதாதா அண்ணே?"

சியால்தாவிலிருந்து ராணாகாட் போகும் லைனில் ஒரு சிற்றூருக்குப் புதிதாகக் குடி வந்திருக்கும் நம்மூர்ப் பெண்மணி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கணவர் வெல்டர். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கொல்கத்தாவில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வீட்டு முற்றத்தில் ஓர் அடிபம்பு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கொஞ்சம் இரும்பு வாடை. வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் துருப்போல மஞ்சளாகப் படிகிறது. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், "அதைக் குடிக்காதே, ஆர்சனிக்!" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"போதாதும்மா" என்று சொன்னேன். ஏன் போதாது என்று நின்ற நிலையில் விளக்க முடியவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பிறகு நாலு பேரைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வங்காளத்தில் பிழைக்க வந்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது உபயோகப்படும்.

காய்ச்சினால் காலரா, பேதிக் கிருமிகள் சாகும். ஆர்சனிக் உயிருள்ள பொருள் அல்ல. இரும்பு, கந்தகம் போல ஒரு மூலப்பொருள். அதைக் கொதிக்க வைத்துக் கொல்ல முடியாது. தண்ணீர்தான் ஆவியாகிப் போகும்; மிஞ்சிய தண்ணீரில் விஷம் முன்னைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

நமக்குப் பழகிய பாஷாணம்

ஆர்சனிக் என்றால் அந்நியமாகத் தோன்றுகிறது. பாஷாணம் என்றால் நம் பாட்டிமாருக்குக்கூடத் தெரியும். வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சனிக்கும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். சித்த வைத்தியத்தில் வரும் தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. தாளகத்துக்கே அரிதாரம் என்றும் பெயர். கூத்துக்காரர்கள் அந்த மஞ்சள் பொடியை முகத்தில் பூசிய காலத்திலிருந்துதான் வேஷம் போடுவதற்கு 'அரிதாரம் பூசுதல்' என்ற பேச்சு வந்தது. பழநி ஆண்டவர் திருவுருவம் நவபாஷாணத்தால் ஆனது என்ற நம்பிக்கையும் நமக்குத் தெரிந்ததே.

ஆனால் வைத்தியர் கையிலிருக்கும் பாஷாணம் வேறு. ஒவ்வொரு நாளும் குடம் குடமாகக் குடிக்கும் தண்ணீரில் கலந்திருக்கும் பாஷாணம் வேறு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. இது எவ்வளவு சிறிய அளவு? ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்றில் ஒரே ஒரு கிராம் பாஷாணத்தைக் கரைத்தால் அந்த அளவு வந்துவிடும். வங்காளத்தில் சில அடிபம்புகளில் இதைப்போல் 30 மடங்குக்கு மேலும் இருந்திருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை.

1983இல் கொல்கத்தாவில் உள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் தோல் நோய் நிபுணர் டாக்டர் கே.சி. சாஹாவிடம், அன்றைய 24 பர்கானா மாவட்டத்துக் கிராமவாசிகள் சிலர் வந்தார்கள். உடம்பில் மழைத்துளி தெறித்தாற்போலக் கரும்புள்ளிகள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்துக் காய்ப்புக் காய்ப்பாக எழும்பியிருந்தது. இது ஆர்சனிக் விஷத்தின் அடையாளம் என்று கண்டுபிடித்தவர் அவர். பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி 1988இலிருந்து ஊர் ஊராகத் தண்ணீரை எடுத்துச் சோதித்தார். 2018இல் காலமாகும்வரை அவர் அதை விடவில்லை. மால்டா, முர்ஷிதாபாத், நதியா, வடக்கு மற்றும் தெற்கு 24 பர்கானா என்று பட்டியல் நீண்டது.

பல ஆண்டுகள் குடித்த பிறகுதான் தோலில் தெரியும். தோல், நுரையீரல், மூத்திரப்பை ஆகிய இடங்களில் புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் வியாதி அல்ல. ஆனாலும் குஷ்டம் என்று பயந்து ஒதுக்கியதும், கையில் புள்ளி இருக்கிறது என்று பெண்ணின் கல்யாணம் நின்றுபோனதும் இங்கே கிராமங்களில் கேட்கிற கதைகள்.

விஷத்தைப் போட்டது யார்?

யாரும் போடவில்லை. தொழிற்சாலைக் கழிவும் இல்லை. இதற்குக் காரணம் மண்ணுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

முன்பெல்லாம் வங்காளக் கிராமங்களில் குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அதற்கு வழியாக நிலத்தடி நீரை எடுக்க அடிபம்புகள் போடப்பட்டன. பங்களாதேஷில் 1970களில் யூனிசெப் உதவியோடு ஏராளமாகப் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான், பேதிச் சாவும் குறைந்தது. கிருமிக்குப் பயந்து மேல் தண்ணீரை விட்டுக் கீழ்த் தண்ணீருக்குப் போனோம். அங்கே வேறு ஜாதிக் கிருமி, வேறு வேலையாக உட்கார்ந்திருந்தது.

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலைக் கற்களை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் வங்காளச் சமவெளி. அந்த மணல் துகள்களின் மேல் மெல்லிய துருப்பூச்சு உண்டு. பாறையில் இருந்த சிறிதளவு ஆர்சனிக் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டு வருகிறது. துரு தண்ணீரில் கரையாது. அதனால் ஆர்சனிக்கும் கரையாது. ஆற்றில் ஓடும்வரை ஆபத்து இல்லை.

மணலோடு இலை, தழை, வேர் எல்லாம் சேர்ந்து புதைகின்றன. பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. தின்று தின்று அங்கே இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. நாமாக இருந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடுவோம். இவற்றில் சில வகைகள் பிராணவாயுவுக்குப் பதிலாக இரும்புத் துருவையே 'சுவாசிக்க' ஆரம்பிக்கின்றன. உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது மிஞ்சுகிற எலெக்ட்ரான்களை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். நாம் பிராணவாயுவிடம் இறக்குகிறோம், அவை துருவிடம் இறக்குகின்றன. அதை வாங்கிக்கொண்ட துரு கரைந்து தண்ணீரோடு போய்விடுகிறது. ஓடும் வண்டியையே பிரித்துப் போட்டால் அதில் வந்த பயணிகள் என்ன செய்வார்கள்? நடு வழியில் இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படித்தான் ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது.

இதைச் சோதனை செய்து காட்டிய ஆராய்ச்சி 2004இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் நம் கல்யாணி பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்தது. சோதித்த மண் இதே மேற்கு வங்கத்து மண். காற்றுப் புகாமல் மூடி, பாக்டீரியாவுக்குத் தீனியாக அசிட்டேட் என்ற பொருளைக் கொடுத்தார்கள். முதலில் இரும்பு கரைந்தது. அதற்குப் பின்னால் ஆர்சனிக் வெளியே வந்தது. மண்ணில் இந்தத் தீனி எங்கிருந்து வருகிறது, புதைந்த தழையிலிருந்தா, குளங்களிலிருந்து கசிகிறதா, பாசனத்துக்கு நீர் இறைப்பதால் இழுக்கப்படுகிறதா என்று நிபுணர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை.

வெல்டர் வீட்டு வாளியில் படிகிற மஞ்சள், இப்படிக் கரைந்த இரும்புதான். வெளிக் காற்றுப் பட்டதும் மீண்டும் துருவாகிறது. இரும்பு வாடை இருந்தால் ஆர்சனிக் இருந்தே தீரும் என்று அர்த்தமில்லை. வாடை இல்லாவிட்டால் இல்லை என்றும் அர்த்தமில்லை. சோதித்தால்தான் தெரியும்.

விஷத்துக்கு நடுவே எப்படிப் பிழைக்கின்றன?

நம்மைக் கொல்லும் பொருள் அவற்றை ஏன் கொல்லவில்லை? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆர்சனிக் இரண்டு வேஷத்தில் வரும். ஒன்று ஆர்சனேட், காற்றுள்ள இடத்தில் அதிகம். மற்றொன்று ஆர்சனைட், காற்றில்லாத ஆழத்தில் அதிகம். ஆர்சனேட் பார்ப்பதற்கு அச்சாகப் பாஸ்பேட் மாதிரியே இருக்கும். எல்லா ஜீவ அணுவுக்கும் பாஸ்பேட் அவசியம். அதற்கென்று வைத்திருக்கும் கதவில், மற்றொருவர் சீசன் பாஸைக் காட்டி நுழைகிற ஆசாமி போல ஆர்சனேட் உள்ளே போய்விடுகிறது. போய், பாஸ்பேட் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, சக்தியைச் சேர்த்து வைக்கும் ரசாயனத்தைக் குலைத்துவிடுகிறது. ஆர்சனைட் அதைவிடப் பொல்லாதது. புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை வேலை செய்யவிடாமல் முடக்கிவிடும்.

இதற்கு எதிராகப் பாக்டீரியாக்கள் ஒரு சிறிய படையை வைத்திருக்கின்றன. சாதாரண நாளில் அந்தப் படை தூங்கும். ஒரு காவல்காரப் புரதம் மரபணுவின் மேல் உட்கார்ந்து அதை மூடி வைத்திருக்கும். ஆர்சனைட் வந்து அந்தக் காவல்காரனைத் தொட்டதும் அவன் இடத்தை விட்டு எழுந்துவிடுவான். உடனே படை தயாராகிறது. படையில் ஒரு புரதம், உள்ளே வந்த ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றுகிறது. இன்னொன்று, அணுவின் சுவரில் பம்பாக நின்று ஆர்சனைட்டை வெளியே தள்ளுகிறது. சிலவற்றில் அந்தப் பம்புக்குத் தனி மோட்டாரே உண்டு. 1980களில் அமெரிக்க விஞ்ஞானிகள் சைமன் சில்வர், பாரி ரோசன் முதலியோர் இந்த ஏற்பாட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து விளக்கினார்கள்.

குறைந்த விஷத்தை அதிக விஷமாக மாற்றுகிறதே, இது என்ன புத்தி என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். ஆர்சனேட்டை வெளியே தள்ளும் பம்பு ஒன்று இருந்தால், அது பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் பாஸ்பேட்டையும் சேர்த்தல்லவா வெளியே தள்ளிவிடும்? கல்லைப் பொறுக்குகிறேன் என்று அரிசியையும் கொட்டுகிற கதையாகிவிடும். ஆகவே முதலில் ஆளை அடையாளம் தெரியும்படி மாற்றி, பிறகு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. இன்னொரு காரணமும் சொல்கிறார்கள். 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பூமியில் பிராணவாயு பெருகாத காலத்தில் எங்கும் ஆர்சனைட்தான் இருந்தது. பம்பு அப்போதே உண்டாகிவிட்டது. ஆர்சனேட் பிறகு வந்த தொல்லை.

இந்த வித்தையை இவை தமக்குள் பரிமாறியும் கொள்கின்றன. சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியில், பென்சிலினை எதிர்க்கும் மரபணுவும் ஆர்சனிக்கை எதிர்க்கும் மரபணுவும் ஒரே சின்ன வளையத்தில் சேர்ந்திருப்பதை 1968இல் நோவிக், ராத் என்ற இருவர் தெரிவித்தார்கள். ஒரு கிருமி மற்றொன்றுக்கு அந்த வளையத்தையே கொடுத்துவிட முடியும்.

கிருமி பிழைத்துக்கொண்டது, சரி. ஆனால் அது வெளியே தள்ளிய ஆர்சனைட் எங்கே போகிறது? நம் தண்ணீருக்குத்தான். வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுகிற சாமர்த்தியம் அது.

இதற்கும் ஒரு படி மேலே போனவை உண்டு. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் தொழிற்சாலைக் கழிவு படிந்த ஓர் ஆற்றுப் பகுதியில், ஆர்சனேட்டையே பிராணவாயுவுக்குப் பதிலாகச் சுவாசித்து வளரும் பாக்டீரியா கண்டெடுக்கப்பட்டது. 1994இல் அந்தச் செய்தி வந்தது. கலிபோர்னியாவில் மோனோ ஏரி என்ற உப்பு ஏரியிலும் இப்படிப்பட்டவை இருக்கின்றன. அதே ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, தன் மரபணுவிலேயே பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்துக் கட்டிக்கொள்கிறது என்று 2010இல் பெரிய பரபரப்பு எழுந்தது. 2012இல் வேறு இரண்டு குழுவினர் சோதித்து, அப்படியில்லை என்றார்கள். அந்தக் கட்டுரையை வெளியிட்ட 'சயன்ஸ்' பத்திரிகையே 2025இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பத்திரிகைக்கு எழுதும் எங்களைப் போன்றவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

உபகாரம் செய்யும் கூட்டம்

எல்லாப் பாக்டீரியாவும் ஒரே குணம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் மாடுகளுக்கு உண்ணி பிடிக்காமல் இருக்க, ஆர்சனைட் கரைத்த தொட்டியில் அவற்றை முக்கி எடுப்பது வழக்கமாக இருந்தது. அந்தத் தொட்டித் தண்ணீரிலிருந்தே, ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றும் ஒரு பாக்டீரியாவைக் கிரீன் என்ற விஞ்ஞானி 1918இல் பிரித்தெடுத்தார். அதே தொட்டியில் எதிர் வேலை செய்யும் மற்றொன்றும் இருந்ததாம்! வேறு சில கிருமிகளும் பூஞ்சைகளும் ஆர்சனிக்கை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஐரோப்பாவில் முன்பு சுவர்களில் ஒட்டிய பச்சைக் காகிதத்தின் சாயத்தில் ஆர்சனிக் இருந்தது. ஈரத்தில் பூத்த பூஞ்சை அதிலிருந்து பூண்டு வாடையடிக்கும் வாயுவைக் கிளப்புவதை 1890களில் இத்தாலியைச் சேர்ந்த கோசியோ கண்டறிந்தார்.

ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றும் கூட்டம்தான் நமக்கு வேண்டியவர்கள். ஏனென்றால் ஆர்சனேட் துருவில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆர்சனைட் அவ்வளவாக ஒட்டாது. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் காசிம்பூரில் இதை வைத்தே ஒரு ஏற்பாடு செய்தார்கள். கிணற்று நீரை இறைத்துக் காற்றுப் படவிட்டு, அதில் ஒரு பகுதியைத் திரும்ப நிலத்துக்குள்ளேயே அனுப்புவது. அதோடு போகும் பிராணவாயு கீழே இரும்பைத் துருவாக்குகிறது. இந்த வகைப் பாக்டீரியாக்களும் கிளம்பி வேலை செய்கின்றன. ஆர்சனிக் மணலிலேயே தங்கிவிடுகிறது. மருந்துப் பொடியும் வேண்டாம், அள்ளிக் கொட்ட வேண்டிய விஷச் சேறும் இல்லை. அந்தக் காவல்காரப் புரதத்தையும் சும்மா விடவில்லை. ஆர்சனிக் பட்டால் ஒளிவிடும்படி பாக்டீரியாவை மாற்றி, வியட்நாம் கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி 2005இல் வெளிவந்தது.

நாம் என்ன செய்வது?

கொல்கத்தா நகரக் குழாயில் வருவது பெரும்பாலும் பல்டாவில் சுத்தம் செய்த ஹூக்ளி ஆற்று நீர். காற்றோட்டமுள்ள ஆற்று நீரில் துரு கரையாததால் இந்தப் பயம் குறைவு. ஆனால் நகரத்தின் தெற்கு ஓரங்களிலும் வெளியூர்களிலும் அடிபம்பை நம்புகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மாவட்டங்களில் பொது சுகாதாரப் பொறியியல் துறையின் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். 150 மீட்டருக்குக் கீழே போகும் ஆழமான கிணறுகள் பெரும்பாலும் நல்லவை. குளிக்க, துவைக்கப் பயமில்லை. தோல் வழியாக அதிகம் ஏறாது. குடிப்பதும் சமைப்பதும்தான் விஷயம்.

சமையல் என்றதும் ஒன்று. தண்ணீர் தேங்கிய நெல் வயலிலும் இதே பாக்டீரியா வேலை நடப்பதால் அரிசியிலும் கொஞ்சம் ஆர்சனிக் ஏறுகிறது. அரிசியை நன்றாகக் களைந்து, ஒன்றுக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீர் வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்தால் அரிசியில் உள்ள ஆர்சனிக்கில் 57 சதவிகிதம்வரை போய்விடுகிறது என்று ஜாதவ்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2006இல் எழுதினார்கள். நம் வீடுகளில் வடித்த சாதம் புதிதல்ல. குக்கர் வந்தபின் விட்டுப்போனது. ஆனால் தண்ணீரே விஷத் தண்ணீரானால் சாதம் அதைக் குடித்துக்கொள்ளும், வடித்தும் பிரயோசனமில்லை.

விருதுநகர்க்காரர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுக்கச் செய்தோம். அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு என்று சீட்டு வந்தது. வீட்டுக்காரரிடம் காட்டியதற்கு, "இருபது வருஷமா நாங்க குடிக்கலையா?" என்றாராம். அவர் உள்ளங்கையை நான் பார்க்கவில்லை. இப்போது அந்த அம்மாள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆழ்குழாய்க்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை குடத்தோடு போய் வருகிறார். முற்றத்து அடிபம்பில் பாத்திரம் கழுவுகிறார்கள்.